வளைகாப்பு மாதத்து ரத்தப் பரிசோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன ஊர் லேப் ஒன்றில் ரத்தம் எடுப்பது என் வேலை. கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் அந்த ரெண்டு நிமிடத்தில்தான், டாக்டரிடம் கேட்க நினைத்து விட்டுப்போன கேள்விகள் எல்லாம் பெண்களுக்கு ஞாபகம் வரும். அப்படி என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எந்த டெஸ்ட் எதற்கு என்று நான் சொல்லலாம். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மூணாம் மாசமே எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சே அக்கா, மறுபடியும் எதுக்கு?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். மூன்றாம் மாத ரிப்போர்ட் மூன்றாம் மாதத்து உடம்பைப் பற்றித்தான் சொல்லும். அதற்குப் பிறகு உங்கள் ரத்தமே மாறிவிடுகிறது.

கர்ப்ப காலத்தில் ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. சிவப்பணுக்கள் அந்த வேகத்தில் கூடுவதில்லை, 20 முதல் 30 சதவீதம்தான். ரசத்தில் தண்ணீர் ஊற்றி விளாவிய மாதிரி. 28-வது வாரத்திலிருந்து 34-வது வாரம் வரை இது உச்சத்தில் இருக்கும். மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 12 என்று வந்த பெண்ணுக்கு ஏழாம் மாதம் 9.8 வருவது எங்கள் லேபில் வாரா வாரம் நடக்கிற விஷயம்.

சர்க்கரையும் அப்படித்தான். நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில ஹார்மோன்கள் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். நஞ்சு வளர வளர இந்தத் தடையும் வளரும். அதனால் முதல் முறை நார்மல் என்று வந்தது இப்போதும் நார்மலாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்போ எந்த டெஸ்ட் எப்போ?

டாக்டர்கள் மாதக் கணக்கைவிட வாரக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். கடைசியாகத் தூரமான முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைக்கான குளுக்கோஸ் டெஸ்ட். 28-ஐ ஒட்டி ஹீமோகுளோபின், தட்டணுக்கள் (பிளேட்லெட்) எல்லாம் சேர்ந்த முழு ரத்தப் பரிசோதனை. நெகட்டிவ் குரூப் என்றால் கூம்ஸ் டெஸ்ட்டும் உண்டு, அது எதற்கு என்று கீழே சொல்கிறேன். பிரசவம் நெருங்கும்போது, 36-வது வாரத்தை ஒட்டி, இன்னொரு முறை ஹீமோகுளோபின். தைராய்டு மாத்திரை போடுபவர்களுக்கு 30-வது வாரம் வாக்கில் டி.எஸ்.எச். எடுக்கச் சொல்வார்கள். மற்றவை தேவைப்பட்டால்தான்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவற்றில் பெரும்பாலானவை இலவசம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் முகாமிலும் பார்த்துக்கொள்ளலாம்.

ரத்தம் கம்மின்னா எவ்வளவு கம்மி? 10 இருந்தா பரவாயில்லையா?

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 10 முதல் 10.9 வரை லேசானது, 7 முதல் 9.9 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமை. கடைசி மூன்று மாதத்தில் 7-க்குக் கீழே இருந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

‘எங்க வீட்ல எல்லாருக்குமே இப்படித்தான்’ என்பார்கள். உண்மைதான். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 100 கர்ப்பிணிகளில் 52 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 48 பேர். எல்லோருக்கும் இருக்கிறது என்பதால் அது சாதாரணமாகிவிடாது. சுகப்பிரசவத்திலேயே அரை லிட்டர் வரை ரத்தம் போகலாம், சிசேரியன் என்றால் ஒரு லிட்டர் வரை. 11.5-இல் இருக்கிறவள் அதைத் தாங்கி எழுந்து உட்காருவாள். 8-இல் இருக்கிறவளுக்கு அதே அரை லிட்டர் ஆபத்து.

இதை ஏழாம் மாதமே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் நேரம். மாத்திரை ஒழுங்காகப் போட்டால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 1 கிராம் கூடும். கூடவில்லை என்றால் ஏன் என்று பார்க்க வேண்டும். 28-வது வாரத்தில் 9 என்று தெரிந்தால் கையில் மூன்று மாதம் இருக்கிறது. 37-வது வாரத்தில் தெரிந்தால் மாத்திரைக்கு நேரமே இல்லை. நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றுவது அல்லது ரத்தமே ஏற்றுவது, இந்த ரெண்டில் ஒன்றுதான் வழி.

மாத்திரை போட்டும் ஏறலையே?

முதலில் நேர்மையாக ஒரு கேள்வி: தினமும் போட்டீர்களா? அரசு கொடுக்கிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். கர்ப்பத்தில் 180 நாள் போட வேண்டும். வாய் கசக்கிறது, மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போகிறது என்று பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். மலம் கறுப்பாவது மாத்திரையால்தான், பயப்பட ஒன்றுமில்லை. ‘மாத்திரை போட்டா குழந்தை கறுப்பா பிறக்கும்’ என்பது வெறும் கட்டுக்கதை. அதை நம்பி இட்லிப்பானைக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளை ஒளித்து வைத்திருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும்.

அடுத்து, எதனோடு போடுகிறீர்கள் என்பது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஏறாது. கால்சியம் மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது, ஒன்று காலை, ஒன்று இரவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் மாதிரி புளிப்போடு போட்டால் நன்றாக ஏறும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் ஏறவில்லையா? பி12 குறைவாக இருக்கலாம், பூச்சித் தொல்லை இருக்கலாம், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறாகவும் இருக்கலாம். தலசீமியா என்றால் சிவப்பணுக்கள் அளவில் சின்னதாக இருக்கும், முழு ரத்தப் பரிசோதனையிலேயே ஒரு சந்தேகம் தட்டும். அப்போது கணவருக்கும் பார்க்கச் சொல்வார்கள். ‘எனக்கெதுக்கு?’ என்று அவர் முறைக்க வேண்டாம். ரெண்டு பேரிடமும் இருந்தால்தான் குழந்தைக்குச் சிக்கல்.

பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் சாப்பிட்டா போதாதா?

சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தமாகாது. முருங்கைக்கீரை, சுண்டைக்காய், கேழ்வரகு, ஈரல், மீன் எல்லாம் உதவும். 9-இல் இருக்கிற கணக்கைச் சாப்பாட்டால் மட்டும் பிரசவத்துக்குள் 11-க்குக் கொண்டுவர முடியாது.

குளுக்கோஸ் தண்ணி டெஸ்ட்டுக்கு வெறும் வயித்துலதான் வரணுமா?

நம் ஊரில் எடுக்கிற முறைக்கு வேண்டியதில்லை. இதில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. சென்னைச் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. சேஷய்யாவும் அவரோடு இருந்தவர்களும் வகுத்த முறை இது. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்து, ரெண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்தால் போதும். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு மதியம்வரை உட்கார வைக்க முடியாது என்பதைப் புரிந்து செய்த முறை என்பதால் எனக்கு இதில் தனி மரியாதை. 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. டாக்டர் சேஷய்யா பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

சில தனியார் ஆஸ்பத்திரிகளில் வெறும் வயிற்றில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று, ரெண்டு மணி நேரத்தில் ஒன்று என்று மூன்று முறை எடுப்பார்கள். அதற்கு வெறும் வயிறு வேண்டும். சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

குடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் அவ்வளவு இனிப்பு, தொண்டையில் ஒட்டும். மடமடவென்று விழுங்காமல் ஐந்து பத்து நிமிடத்தில் நிதானமாகக் குடித்து முடியுங்கள். ஒரு சொட்டு எலுமிச்சை விடலாமா என்று லேபில் கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள். அந்த ரெண்டு மணி நேரமும் உட்கார்ந்திருங்கள். வேறு எதுவும் சாப்பிடக் கூடாது, ‘ஒரு வாய் காபி மட்டும்’ என்பதும் கூடாது. கடைவீதிக்கு ஒரு நடை போய்வந்தாலும் ரிசல்ட் மாறும்.

குடிச்சதும் வாந்தி வந்துட்டா?

அரை மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் அன்றைக்கு அந்த டெஸ்ட் செல்லாது, மறுநாள் மறுபடியும். அரை மணிக்குப் பிறகு என்றால் தொடரலாம். வாந்தி வந்ததை எங்களிடம் மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சர்க்கரை இருக்குன்னு வந்தா இன்சுலின்தானா?

எடுத்த எடுப்பில் இல்லை. முதலில் சாப்பாட்டை மாற்றிக் கொடுத்து, நடக்கச் சொல்லி, ரெண்டு வாரம் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழும் வந்துவிட்டால் அப்படியே தொடரலாம். அடங்காவிட்டால்தான் மருந்து. கவனிக்காமல் விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம், பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை திடீரென இறங்கலாம்.

‘மூணு மாச சராசரி’ என்று சொல்லும் எச்பிஏ1சி டெஸ்ட்டை மட்டும் எடுத்துவிட்டு, நார்மல் என்று நிம்மதியாகிவிட வேண்டாம். பின் மாதங்களில் சிவப்பணுக்கள் சீக்கிரம் சீக்கிரம் மாறுவதால் அந்த எண் குறைவாகக் காட்டும்.

என் குரூப் நெகட்டிவ். ஏழாம் மாசம் ஒரு ஊசி போடணும்னு சொன்னாங்களே?

கணவர் பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். குழந்தையின் ரத்தம் கொஞ்சம் உங்கள் ரத்தத்தில் கலந்தால் உங்கள் உடம்பு அதற்கு எதிரணுக்களைத் தயார் செய்துவிடும். பெரும்பாலும் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களைத்தான் அது அழிக்கும். எதிரணு ஏற்கெனவே உருவாகிவிட்டதா என்று பார்ப்பதுதான் கூம்ஸ் டெஸ்ட். இல்லை என்றால் 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி. பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று.

வரிசை முக்கியம்: முதலில் ரத்தம், அப்புறம் ஊசி. ஊசி போட்ட பிறகு கூம்ஸ் எடுத்தால், ஊசியில் இருக்கும் எதிரணுவே பாசிட்டிவ் என்று காட்டி எல்லோரையும் கலவரப்படுத்தும்.

எச்.ஐ.வி. டெஸ்ட் மறுபடியும் எழுதியிருக்காங்க. எங்க மேல சந்தேகமா?

இல்லம்மா. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மேகநோய்க்கான வி.டி.ஆர்.எல்., இந்த மூன்றும் எல்லோருக்கும் பார்ப்பவை. முதல் முறை பார்க்காமல் விட்டவர்களுக்கும், இடையில் தொற்று வந்திருக்க வாய்ப்புள்ளவர்களுக்கும் கடைசி மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். தெரிந்தால் குழந்தைக்குப் போகாமல் பெருமளவு தடுக்க முடியும் என்பதுதான் காரணம். உதாரணமாக, அம்மாவுக்குக் காமாலை பி கிருமி இருந்தால், குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இன்னொரு பாதுகாப்பு ஊசியும் போட வேண்டும். அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? எச்.ஐ.வி. டெஸ்ட்டை உங்கள் சம்மதத்தோடுதான் எடுக்க வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். அது சட்டம்.

ரிப்போர்ட்ல நாலஞ்சு இடத்துல ஸ்டார் போட்டிருக்கு, பயமா இருக்கு.

இதில் தப்பு எங்கள் பக்கம். பெரும்பாலான லேபுகளின் தாளில் அச்சாகியிருக்கும் ‘நார்மல்’ அளவு கர்ப்பமாக இல்லாதவர்களுக்கானது. கம்ப்யூட்டருக்கு நீங்கள் கர்ப்பிணி என்பது தெரியாது, தன்பாட்டுக்கு ஸ்டார் போட்டுவிடும். வெள்ளையணு 13,000 என்றால் வெளியே பயப்பட வேண்டிய எண், கர்ப்பத்தில் அது சகஜம். அல்கலைன் பாஸ்படேஸ் என்ற கல்லீரல் அளவு கூடியிருக்கும். நஞ்சுக்கொடியிலிருந்தும் அது வருகிறது என்பதுதான் காரணம். ஈ.எஸ்.ஆர். ஏறும். ஆல்புமின் இறங்கும்.

தலைகீழாக, ஸ்டார் இல்லாமலே கவனிக்க வேண்டியதும் உண்டு. சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் கர்ப்பத்தில் இயல்பாகவே 0.5, 0.6 என்று இறங்கிவிடும். அப்படி இருக்கும்போது 1.0 என்று வந்தால் கம்ப்யூட்டர் பேசாமல் இருக்கும், ஆனால் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். அதனால் ரிப்போர்ட்டை வாங்கி நீங்களே நெட்டில் தேடி உறுதிசெய்துகொள்ளாதீர்கள். டாக்டரிடம் காட்டி முடித்தால்தான் டெஸ்ட் முடிந்ததாக அர்த்தம்.

தட்டணுக்கள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1,50,000-க்குக் கொஞ்சம் கீழே இருப்பது பின் மாதங்களில் பலருக்கு வரும், பிரசவத்துக்குப் பின் தானாகச் சரியாகும். ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலோ, பிபி கூடியிருந்தாலோ கதை வேறு. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து இறங்கினால் டெங்குவாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கால் வீங்குது. அதுக்கும் ரத்த டெஸ்ட் எடுக்கணுமா?

கால் மட்டும் மாலையில் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுவது பலருக்கும் வரும். முதலில் பிபி பாருங்கள், சிறுநீரில் உப்பு, அதாவது புரதம், போகிறதா என்று பாருங்கள். பிபி 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கல்லீரல், சிறுநீரகம், தட்டணுக்கள் எல்லாம் ரத்தத்தில் பார்ப்பார்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் லேபுக்கு வராதீர்கள். நேராக ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் 108.

ராத்திரியில உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்பு தாங்கல. வேப்பிலை போட்டும் நிக்கல.

தடிப்பு இல்லாமல் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரித்தால் அது தோல் சமாச்சாரமாக இல்லாமல் கல்லீரல் சமாச்சாரமாக இருக்கலாம். பித்தம் சரியாக வடியாமல் ரத்தத்தில் தேங்குவதால் வருவது. பித்த அமிலம் என்று தனி டெஸ்ட் இருக்கிறது. அளவு மிக அதிகமாக, 100-ஐத் தாண்டினால், குழந்தைக்கே ஆபத்து. ‘சூடு’ என்று விட்டுவிடுகிற அறிகுறி இது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இத்தனை குழாய் எடுக்குறீங்களே, இருக்குற ரத்தமும் போயிடாதா?

இதைக் கேட்பது பெரும்பாலும் கூட வந்த அம்மாதான். ஊதா மூடிக் குழாயில் ரெண்டு மூன்று மில்லி, சாம்பல் மூடியில் சர்க்கரைக்கு ரெண்டு மில்லி, சிவப்பிலோ மஞ்சளிலோ நாலைந்து மில்லி. மொத்தமாக ரெண்டு டீஸ்பூன். இந்த மாதத்தில் உங்கள் உடம்பில் ஓடுவது ஐந்து லிட்டருக்கு மேல். மயக்கம் வருபவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து எடுப்போம். சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு என்றாலும் பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்திருந்தால் நரம்பும் சீக்கிரம் கிடைக்கும், ரெண்டு குத்து மிச்சம்.

வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். ஃபைல் மாமியார் வீட்டுல இருக்கு. பழைய ரிப்போர்ட் அவசியமா?

ரொம்ப அவசியம். நம் வழக்கத்தில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு தாய் வீட்டுக்கு அழைத்து வருகிறோம். 28-வது வாரத்து டெஸ்ட்டுகளும் அதே நாட்களில்தான் வரும். பழைய டாக்டர் ‘அங்கே போய் எடுத்துப்பாங்க’ என்று நினைக்கிறார், புது டாக்டர் ‘அங்கேயே எடுத்திருப்பாங்க’ என்று நினைக்கிறார். நடுவில் டெஸ்ட் நழுவிவிடுகிறது.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். ரெண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், ரப்பர் கட்டுவதற்கே அவற்றை மேலே தள்ள வேண்டியிருந்தது. 33-வது வாரம். பழைய ரிப்போர்ட் கேட்டால் மாமியார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவைக் காட்டினாள். தாளின் மேல்பாதி மட்டும் தெரிந்தது, குரூப் எழுதிய வரி வெட்டுப்பட்டிருந்தது. ‘ஓ பாசிட்டிவ்னு ஞாபகம் அக்கா’ என்றாள். எடுத்துப் பார்த்தால் ஓ நெகட்டிவ். 28-வது வாரத்து ஊசியை ரெண்டு ஊரிலும் போடவில்லை. நல்லவேளை, கூம்ஸ் நெகட்டிவாக வந்தது, அன்றைக்கே டாக்டர் ஊசி போட்டுவிட்டார்.

ஆகவே சேலை, வளையல் எடுத்துவைக்கும்போதே ஃபைலையும் தாய் சேய் நல அட்டையையும் எடுத்துவையுங்கள். கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பதானால் தாளின் நாலு மூலையும் தெரியட்டும்.

குரூப் கார்டு கையிலேயே இருக்கு. பிரசவத்துக்குச் சேரும்போது திரும்பவும் குரூப் பார்க்குறாங்களே?

கார்டை நம்பி யாரும் ரத்தம் ஏற்ற மாட்டார்கள், ஏற்றவும் கூடாது. உங்கள் ரத்தத்தையும் ஏற்றப்போகும் ரத்தத்தையும் கலந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் புது மாதிரி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூன்று நாளுக்கு மேற்பட்ட மாதிரி செல்லாது.

குழந்தை பிறந்ததோட ஊசி தொல்லை முடிஞ்சுதா?

ஏறக்குறைய. இரும்பு மாத்திரை மட்டும் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தொடர வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தவர்கள், பிரசவமான கையோடு சர்க்கரை இறங்கிவிட்டாலும், ஆறாவது வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்க்க வேண்டும். இந்த முறை வெறும் வயிற்றில். குழந்தைக்கு ஒன்றரை மாதத்துத் தடுப்பூசி போடக் கிளம்புவதும் அதே வாரத்தில்தான். காலையில் சாப்பிடாமல் கிளம்பினால் ரெண்டு வேலையும் ஒரே நடையில் முடிந்துவிடும்.